அப்பா பார்த்த முதுகுகள்

அச்சகத்தை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுக்குப் புரூஃப் வருவது நிற்கவில்லை. கண்ணுக்குத் தடிக் கண்ணாடி, காலுக்கு வீக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்துப் பெட்டி முன்னால் நின்று வேலை பார்த்தவனுக்கு இந்த இரண்டும் மிச்சம். ஆனாலும் "நீங்க ஒருக்கா பாத்துட்டா போதும்" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சமீபமாக ஒரே மாதிரிப் புத்தகங்கள் நாலைந்து வந்துவிட்டன. நினைவு தப்பிப்போன அம்மாவைப் பற்றி மகள் எழுதியது, பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துபோன அப்பாவைப் பற்றி மகன் எழுதியது. எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். படித்துக்கொண்டே வரும்போது சில வரிகளில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்த வரியில் எழுத்துப் பிழை இருக்காது. இருந்தாலும் தாண்டிப் போக மனசு வராது.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவர்களிடம் காகிதத்தை நீட்டிவிடலாம். அதற்காகத்தான் இது.

1. அரைப் பக்கம் காலி

தென்காசியில் ஒரு சின்ன அச்சகத்தில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. முதல் நாள் முதலாளி என்னை எழுத்துப் பெட்டி முன்னால் நிறுத்தினார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"பரமசிவம், இதுல எத்தன அறை இருக்குன்னு எண்ணாத. தலை சுத்தும். எந்த அறையில எந்த எழுத்து குடியிருக்குன்னு கைக்குத் தெரியணும். கண்ணுக்குத் தெரிஞ்சு பிரயோசனம் இல்ல."

கைக்குத் தெரிய ஆறு மாசம் ஆயிற்று. நான் ஒழுங்காகத் தமிழ் படித்ததே அந்த ஆறு மாசத்தில்தான். ஸ்டிக் என்று ஒரு இரும்புத் தட்டு, இடது கையில் அடங்கும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்து இடம் வலம் மாறி நிற்கும். பழகிவிட்டால் அதுதான் நேர் என்று தோன்றும்.

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், குற்றாலம் சீசனுக்கு லாட்ஜ் விளம்பரம், இதுதான் எங்களுக்கு வேலை. இது போக அண்ணாச்சி சொந்தமாக ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். இருபத்துநாலு பக்கம். கட்டுரை எழுதுகிறவர்கள் கணக்காக எழுதித் தருவார்களா? மாசா மாசம் ஒரு பக்கத்தில் கால், ஒரு பக்கத்தில் அரை என்று காலி விழும்.

"காலியா விட்டா சந்தா கட்டுனவன் என்னையக் கேப்பான். எதையாவது போட்டு அடைலே" என்பார் அண்ணாச்சி.

எனக்கு ஊரார் பேச்சைக் கேட்கிற கிறுக்கு உண்டு. டீக்கடை, பஸ், சந்தை, எங்கே நின்றாலும் காதுதான் முன்னால் போகும். குற்றாலத்தில் பலாப்பழம் விற்ற ஒரு அம்மாவிடம் ஒருத்தர், "சுளை இனிக்குமா?" என்று கேட்டார். "இனிக்கலேன்னா நாளைக்கு வந்து ஏசிட்டுப் போங்க. நா இங்கனதான் இருப்பேன்" என்றாள் அவள். செங்கோட்டை பஸ் கண்டக்டர் ஒருவர், "ஏறுதவுக எல்லாரும் உள்ள போங்க. உள்ள இருக்கவுக எல்லாரும் இன்னும் உள்ள போங்க" என்பார். இப்படிப்பட்டதை எல்லாம் காலி இடத்தில் போட்டேன். "காதில் விழுந்தது" என்று ஒரு தலைப்பு. கீழே பெயர் கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு அது முக்கியம். இந்தத் துணுக்குகளை நான் காகிதத்தில் எழுதியதே இல்லை. காதில் விழுந்தது நேராக ஸ்டிக்குக்குப் போகும். கையெழுத்து மூலம் என்று ஒன்று இருந்தால் அண்ணாச்சி படித்துப் பார்ப்பார், இதற்கு அதுவும் இல்லை. புரூஃப் வந்தாலும் நான்தான் பார்ப்பேன், எழுத்து சரியா என்று மட்டும்.

2. சட்டை போட்டவர்கள்

எங்கள் வீடு இலஞ்சியில். என் அப்பா சுடலைமுத்து, குற்றாலம் பேரருவியில் எண்ணெய் தேய்க்கிறவர். சீசனுக்கு வருகிறவர்களைக் கல்லில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, உருவி, சொடக்கு எடுத்து அருவிக்கு அனுப்புவார். சாரல் காலம் முடிந்தால் தென்னந்தோப்பில் கூலி வேலை.

வருஷா வருஷம் வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். வக்கீல், மில்காரர், பண்ணையார், எல்லாரும் அவர் முன்னால் ஒரு கோவணத்தோடு உட்கார்ந்தவர்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்து எண்ணெய் ஊறும்போது மனுஷனுக்கு வாய் தன்னால் திறக்குமாம். வீட்டில் சொல்லாததைச் சொல்லுவார்களாம். என்ன சொல்லுவார்கள் என்று நான் எத்தனையோ தரம் நோண்டியிருக்கிறேன். கேட்கிற கிறுக்குப் பிடித்தவன் இல்லையா.

"அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுடே" என்பார். அதோடு சரி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தென்காசி ரதவீதியில் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். எதிரே கறுப்புக் கோட்டு போட்டு ஒரு வக்கீல் வந்தார். முந்தின வாரம்தான் அப்பா கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர், நானே பார்த்தேன். அப்பா சட்டென்று வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கடந்து போகும்வரை கண்ணாடி வளையலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, தெரிஞ்சவர்தானே? கும்பிட்டா என்ன?"

"அவிய சட்ட போட்டிருக்காவ. சட்ட போட்டவுகள எனக்குத் தெரியாது."

"அவரா பேசினா?"

"அவிய பேசுனா பேசலாம். நம்மளா போயிப் பல்ல இளிச்சா, பக்கத்துல நிக்கவன் 'இவன உங்களுக்கு எப்படித் தெரியும்'னு கேப்பான். அப்புறம் அவியளுக்கு ஒடம்பெல்லாம் கூசும்."

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற எல்லாருக்கும் இந்த வழக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருந்தது. நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அடுத்த மாசம் பத்திரிகையில் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

3. அப்பாவுக்கு நான் யார்

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மறதி வந்தது. அந்த நோய்க்கு இப்போது பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "ஆளு மாறிட்டாரு" என்பதுதான். வைத்தியர் தைலம் கொடுத்தார். டாக்டர், "வயசுதான்" என்றார்.

முதலில் நாள் தப்பிற்று, பிறகு பெயர்கள், பிறகு ஆட்கள். என்னை "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தார். சீசனுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். பங்குனி வெயிலில், அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளில், எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்துவிடுவார். யாராவது வந்து சொல்லுவார்கள். நான் அச்சகத்தில் சொல்லிவிட்டு சைக்கிளை மிதிப்பேன். காய்ந்த பாறை முன்னால் உட்கார்ந்திருப்பார். கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு மறுபடி தென்காசிக்கு மிதிப்பேன். ஒரு வாரத்தில் மூன்று நாள் இப்படி. நின்று நின்று வீங்கின காலில் பெடல் மிதிக்கும்போது, என்னடா பிழைப்பு என்று இருக்கும்.

அப்படி நான் அலுத்துக்கொள்ளவும் கூடாது. பகல் முழுக்க அவரைப் பார்த்தது என் மனைவி கோமதி. நான் சைக்கிளிலாவது வெளியே போய் வந்தேன், அவளுக்கு அதுவும் இல்லை.

வாயே திறக்காத மனுஷன் பேச ஆரம்பித்தார். காலையில் எழுந்ததிலிருந்து பேச்சு. பாதி புரியாது. புரிகிற பாதி, உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு அழகு. யாருக்கும் வராத சேர்மானத்தில் சொல் வரும். கேட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு என்னமோ செய்யும். அந்த மாசம் பத்திரிகையில் அரைப் பக்கம் காலி விழுந்தது. கை தன்னால் போயிற்று. "ஒரு கிழவர் சொன்னது" என்று தலைப்புப் போட்டு நாலு வரி கோத்தேன்.

கடிதம் வந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கட்டு. சங்கரன்கோவிலிலிருந்து ஒருத்தர், "கிழவர் துணுக்கைப் படித்துவிட்டுத்தான் மற்றப் பக்கம் படிக்கிறோம்" என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார், கிழவர் என் அப்பா என்றும் சொல்லிக்கொண்டார். பிறகு அரைப் பக்கம் காலி விழுவதற்கு நான் காத்திருக்கவில்லை. அண்ணாச்சியே கட்டுரையை வெட்டி எனக்கு இடம் விட்டார்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது கோமதி வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு பேரு வந்தாவ. சீசனுக்கு வந்தவுகளாம். கையில உங்க பத்திரிகை. 'துணுக்குக் கிழவர் வீடு இதானா'ன்னு கேக்காவ. அருவியப் பாத்தாச்சாம், அடுத்தாப்புல மாமாவப் பாக்க வந்தாவளாம்."

"நீ என்ன சொன்ன?"

"டிக்கட் எடுத்தியளான்னு கேட்டேன். போயிட்டாவ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

4. இருபத்துநாலு பாயிண்ட்

அண்ணாச்சிக்கு யோசனை வந்துவிட்டது. துணுக்குகளைச் சேர்த்து, கூட இன்னும் கொஞ்சம் போட்டு, பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். சீசன் கடைகளில் தொங்கவிட்டால் ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

"அட்டையில ஒன் பேரப் போடுதேன்டே. இருபத்துநாலு பாயிண்டுல."

பத்து வருஷமாக அடுத்தவர் பெயரைக் கோத்தவன் நான். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தலைமை தாங்குகிறவர் பெயர், நல்வரவை நாடுகிறவர் பெயர். என் பெயர் ஒரு தரம்கூட அச்சில் வந்ததில்லை. இருபத்துநாலு பாயிண்ட் என்றால் கட்டைவிரல் நகத்தளவு எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

வீட்டில் சொன்னேன். கோமதி அப்பாவின் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"அட்டையில உங்க பேரு வருமா?"

"ஆமா."

"துணி அலசுனவ பேரு எங்கன வரும்?"

அவள் பிழிந்து உதறிக்கொண்டே, "எம் பேரு வேண்டாம். மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள்.

அது சரிதான் என்று பட்டது. மறுநாள் காலை அப்பா தெளிவாக இருப்பதுபோல் தெரிந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க பேசுனதெல்லாம் புத்தகமாப் போடலாமாப்பா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடுங்க ஐயா. உங்க இஷ்டம்" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "சட்டையக் கழத்துங்க. தோளு கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சம்மதம் சொன்னது சீசனுக்கு வந்த ஒரு ஆளிடம். அந்த ஆள் என்ன கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கோமதியிடம் போய், "கேட்டாச்சு. சரின்னுட்டாவ" என்றேன்.

பதினாறு பக்கத்தையும் கோத்து முடித்தேன். அட்டையும் கோத்தேன். என் பெயரை மூன்று தரம் கலைத்துக் கோத்தேன், இடைவெளி சரியாக வரவில்லை என்று. பக்கங்களை இரும்புச் சட்டத்தில் முடுக்கி, கல்மேசையில் வைத்தாயிற்று. காகிதம் வரவேண்டியதுதான் பாக்கி.

5. வடக்கே இருந்து வந்தவர்

அந்த வாரம் ஒரு பெரியவர் பிளசர் காரில் வந்து இறங்கினார். வடக்கே வாசுதேவநல்லூர்ப் பக்கமோ ராயகிரிப் பக்கமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல மாட்டேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். எங்கள் பத்திரிகையைக் கல்மேசையில் விரித்து, கிழவர் துணுக்கில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"இத எழுதுனது யாரு?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று அண்ணாச்சி நினைத்துவிட்டார். "நம்ம பரமசிவம்தான். இவிய அப்பா சொன்னது. அருவியில எண்ணெ தேய்க்கிற சுடலைமுத்து மகன்" என்றார் பெருமையாக.

பெரியவர் என்னையே பார்த்தார். "சுடலைமுத்து மகனா?"

அவர் விரல் வைத்த வரியை நான் இப்போது குனிந்து படித்தேன். ஒருவருடைய முதுகில் இருந்த ஒரு தழும்பையும், அது எப்படி வந்தது என்பதையும் அப்பா தன் பாஷையில் சொன்ன வரி. நான் கோத்தபோது அது ஒரு நல்ல வரியாகத்தான் இருந்தது. எழுத்து இடம் வலம் மாறி நிற்கும்போது முதுகும் தெரியவில்லை, மனுஷனும் தெரியவில்லை.

"பேரு ஒண்ணும் போடலையே" என்றார் எங்கள் அண்ணாச்சி. அவருக்கு இப்போது புரிந்துவிட்டது.

"பேரு எதுக்குவே? எங் கிணத்துல நான் குளிக்கப் பாத்தவன் ஊர்ல நாலு பேரு இருக்கான். தழும்பு அவனுக்குத் தெரியும். எப்படி வந்துச்சுன்னு தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நேத்து எம் மருமகன் எங்கிட்டப் பேசுதான், கண்ணு எங் கழுத்துக்குப் பின்னாலயே நிக்கி."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"ஒங்கப்பன் எத்தனையோ சீசன் எம் முதுகுல கை வச்சிருக்கான். ஒருநாகூட 'இது என்ன'ன்னு கேக்கல. நானாத்தான் சொன்னேன். சொல்லிட்டுப் பயந்துபோனேன். மறுநா தென்காசி பஸ்ஸ்டாண்டுல எதுக்க வந்தான். யாரோங்கிற மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனான். அன்னைக்குத்தான்டே எனக்கு நிம்மதி. அவன் வாயில இருந்து இது எப்படி வந்துச்சு?"

"அப்பாவுக்கு நினைவு சரியில்ல. ஆளே தெரியல" என்றேன்.

அவர் பத்திரிகையை மடித்தார். மெதுவாக மடித்தார்.

"அப்ப அவன் சொல்லல. நீ சொல்லியிருக்க."

அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். இலஞ்சிக்குப் போனோம்.

கோமதி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள், மறுபடியும் வேடிக்கை பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று. நான் தலையை ஆட்டினேன். விட்டாள்.

அப்பா கொல்லையில் தென்னைக்கு அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், யாரிடமும் இல்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"சுடலைமுத்து, என்னத் தெரியுதா?"

அப்பா பார்த்தார். தெரியவில்லை. தன் பேச்சைத் தொடர்ந்தார்.

பெரியவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்துக் கோமதி கையில் கொடுத்துவிட்டு, துவைக்கிற கல்லில் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கோமதி யாரும் கேட்காமலே எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து அப்பா கையில் வைத்தாள்.

அப்பாவின் பேச்சு நின்றது.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓயாத வாய், மாசக்கணக்கில் ஓயாத வாய். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கி, தோளிலிருந்து இறக்கினார். தழும்பு வந்த இடத்தில் கை விலகி, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய்க் கீழே சேர்ந்தது. திரும்ப மேலே வந்தது, திரும்ப விலகிப் போயிற்று. அத்தனை வருஷமும் அப்படித்தான் தேய்த்திருப்பார் போலிருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்கிறவன், எனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. ஓலையில் சாரல் விழுகிற சத்தம்தான்.

முடிந்ததும் பெரியவர் எழுந்தார். துடைத்துக்கொள்ளாமல் எண்ணெயோடேயே சட்டையை வாங்கிப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டினார். கடைசிப் பொத்தான் மாட்டியதும், அப்பா முகத்தைத் தென்னைமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நோய் திருப்பியதா, அவராகத் திருப்பிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பெரியவர் சொன்னார்: "போட்டது போட்டாச்சு. எடுக்க முடியாது. இனி போடுறதும் போடாததும் ஒம் பாடு. ஆனா அவன் சொன்னான்னு போடாத. அவன் சொல்லமாட்டான்."

6. பிரித்துப் போட்டது

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போய், கல்மேசையில் இருந்த பதினாறு பக்கத்தின் சட்டங்களையும் தளர்த்தினேன்.

அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏலே, கிறுக்குப் பிடிச்சிட்டா? அந்த ஒரு வரிய எடுத்துட்டு மத்தத அடிச்சா என்ன?"

நானும் அதைத்தான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். எந்த வரியை எடுப்பது? அந்த ஒரு வரிக்கு ஒருத்தர் கார் ஏறி வந்துவிட்டார். மற்ற வரிகளில் இருந்த ஆள் என் அப்பாதான், கொல்லையில் உட்கார்ந்திருந்தார். அவர் காரேறி வரமாட்டார். வந்து விரலை வைத்து, "இத எழுதுனது யாரு" என்று கேட்கமாட்டார்.

"எல்லாத்தையும் பிரிக்கேன் அண்ணாச்சி."

"பிரிச்சா நீயும் பிரிஞ்சு போ."

எங்கள் மெஷின்மேன் மைதீன் அண்ணன் மூலையில் டிரெடிலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு எந்திரம் அது. திரும்பாமலே சொன்னார்: "அவன் பிரிக்கலேன்னாலும் மிதிக்கிறவன் நாந்தானே மொதலாளி. இந்தப் பதினாறு பக்கத்துக்கு மட்டும் எங் காலு வலிக்கும்போல இருக்கு."

"நீயும் சேந்துக்கிட்டியா?"

"எங்கம்மாவும் இப்படித்தான் கெடந்தா. நல்லவேள, எனக்கு எழுதத் தெரியாது."

கோப்பதைவிடப் பிரிப்பது அலுப்பான வேலை. வரி வரியாகக் கையில் எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கை வேலை செய்யும், கண் படித்துக்கொண்டே இருக்கும். அப்பா சொன்ன ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்தேன். இந்தத் தடவை மனுஷன் தெரிந்தார். இரண்டு நாள் ஆயிற்று. அட்டையைக் கடைசியாகப் பிரித்தேன். என் பெயர் இருபத்துநாலு பாயிண்டில் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. பிறகு அதுவும் பெட்டிக்குப் போயிற்று.

அண்ணாச்சி என்னை அனுப்பவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை குவிந்துகொண்டிருந்தது, ஆள் வேண்டும். தீபாவளிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வருவதாக இருந்த ஃபோர்மேன் வேலை எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. "காதில் விழுந்தது" நின்றது. காலி இடத்தில் சோப்பு விளம்பரம் வந்தது.

அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். பேசிக்கொண்டே இருந்தார். கேட்டேன், கோக்கவில்லை. ஒருநாள் கோமதி, "இப்ப மாமா ஒண்ணு சொன்னாவ பாருங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். சொன்னாள். இருவரும் சிரித்தோம். சிரித்தது வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

இதைப் படிக்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பலாப்பழக்காரி சொன்னதைச் சொன்னேன், கண்டக்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தனை பேர் ரசித்த அப்பாவின் துணுக்கில் ஒன்றைக்கூட இங்கே சொல்லவில்லை. அவர் என்னை ஐயா என்றதையும், போடுங்க என்றதையும் சொன்னேன். அவை என் தப்புக்குச் சாட்சி, அதனால் சொன்னேன். அவர் அருவிக்கரைக்கு நடந்ததைச் சொன்னதுகூடச் சரிதானா என்று இப்போது எழுதும்போது தயக்கமாக இருக்கிறது.

அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து ஓய்ந்தவர்களுக்குச் சொல்ல ஒரு இடம் வேண்டும், அந்த ஓய்ச்சல் எனக்கும் தெரியும். புரூஃபில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டு அனுப்புகிறேன். என்ன பிழை என்று கேட்டு வருகிறவர்களிடம், "இத அவிய உங்ககிட்டச் சொன்னாவளா, இல்ல அவிய வாயில இருந்து விழும்போது நீங்க பக்கத்துல இருந்தியளா?" என்று கேட்கிறேன். சிலர் யோசித்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். சிலர் அப்படியே விடுகிறார்கள். எடுத்தவர்கள் எல்லாம் சரி, விட்டவர்கள் எல்லாம் தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெரியவரும் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. அவர் மகன் சில சமயம் தென்காசிக்கு வருவார். தன் அப்பாவைப்போலவே கழுத்துப் பொத்தான்வரை சட்டை. ரதவீதியில் எதிரே வந்தால், நான் வளையல் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.